ஆலோசனை கூறுபவர் எந்தத் தொழில் கற்றவர்?

அரிசி மூட்டையில் குத்தூசியைக் குத்தி, நாலு மணியை உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்காமல் நம்மவர் யாரும் சரக்கு இறக்கியதில்லை. ஜவுளிக்காரர் துணியின் ஓரத்தைப் பிரித்து நூலைப் பார்க்கிறார். மளிகைக்காரர் மிளகை நீரில் போட்டுப் பார்க்கிறார். சரக்கு விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பான வணிகப் பெருமக்கள், சங்கத்தின் பேரில் மருத்துவ முகாம் நடத்தும்போதோ, சுகாதாரக் குழுவுக்கு ஆலோசகர் என்று ஒருவரை அமர்த்தும்போதோ மட்டும் வாய் திறப்பதில்லை. அவர் எந்தத் தொழிலைக் கற்றவர், எங்கே பதிவு பெற்றவர் என்று கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று தயங்குகின்றனர். இது வேண்டாத தயக்கம். ஏன் வேண்டாதது என்பதற்கு நம் பேராக்கின் சரித்திரத்திலும் அதை அடுத்த மாநிலங்களின் சரித்திரத்திலும் வேண்டிய மட்டும் பாடம் இருக்கிறது.

முதலில் அரிசியையே எடுத்துக்கொள்வோம். அது நம் கடைச்சரக்கு.

1900ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் பெரிபெரி என்ற வியாதி சீனத் தொழிலாளரை வாரிக்கொண்டு போயிற்று. கால் மரத்துப் போகும், வீங்கும், கடைசியில் இருதயம் நின்றுவிடும். ஆனால் அதே மண்ணில் பாடுபட்ட தமிழ்த் தொழிலாளருக்கு அது அரிதாகவே கண்டது. கம்பத்தில் நெல் குத்திச் சாப்பிட்ட மலாய்க்காரருக்கும் அப்படியே. நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராக இருந்த டாக்டர் பிராடன் இந்த வித்தியாசத்தைக் கவனித்தார். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. ஆகவே வியாதிக்குக் காரணம் வெள்ளை அரிசிதான் என்று 1907இல் ஒரு நூலே எழுதினார். அதற்கு முன்பே கோலாலம்பூர் மனநோய் விடுதியில் டாக்டர் ஃபிளெட்சர் என்பவர் நோயாளிகளை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வெள்ளை அரிசியும் மறு பாதிக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்திருந்தார். வெள்ளை அரிசிக்காரரிடையேதான் வியாதி பரவிற்று.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. பிராடன் சொன்ன ஆலோசனை சரி. சொன்ன காரணம் தவறு. பழசாகிப் போன அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று அவர் நம்பினார். வைத்தியராக நோயாளிகளைப் பார்த்துப் பழகிய கண் அவருடையது. அந்தக் கண்ணுக்கு யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்பது தெரிந்தது. அரிசிக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியவில்லை. அதைக் கண்டறியப் பரிசோதனைச்சாலை வேண்டியிருந்தது. 1900இல் கோலாலம்பூரில் ஏற்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டாண்டனும் 300 ஜாவானியச் சாலைத் தொழிலாளரைக் கொண்டு சோதனை செய்து 1909இல் முடிவை வெளியிட்டனர். அரிசியில் நஞ்சு ஒன்றும் இல்லை. தீட்டும்போது தவிட்டோடு ஏதோ ஓர் அவசியமான பொருள் போய்விடுகிறது என்ற வழி அவர்களால் திறந்தது. பிற்பாடு அதற்கு வைட்டமின் பி-1 என்று பெயர் வந்தது. நெல்லைப் புழுக்கும்போது அந்தச் சத்து தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் இதை எந்தப் பரிசோதனைச்சாலையிலும் படிக்கவில்லை என்பது வேறு விஷயம்!

அடுத்தது மலேரியா. 1901இல் கிள்ளானில் மாவட்ட வைத்தியராக வந்தவர் மால்கம் வாட்சன். கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்று ரோனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்து அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. வாட்சன் கடலோரச் சதுப்புக் காட்டை வெட்டி, வாய்க்கால் தோண்டி நீரை வடித்தார், காய்ச்சல் அடங்கிற்று. இதே முறையை மலையடிவாரத் தோட்டங்களிலும் கையாண்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அங்கே காடு வெட்ட வெட்டக் காய்ச்சல் அதிகமாயிற்று! கடலோரத்தில் மலேரியாவைப் பரப்பிய கொசு நிழலை நாடுவது. மலையில் பரப்பிய கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடை நீரை நாடுவது. மரத்தை வெட்டி ஓடைக்கு வெயிலைக் கொடுத்தவர்கள் அந்தக் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்தவர்களானார்கள். பிறகுதான் ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் வழியே கொண்டுபோகும் முறையும், எண்ணெய் தெளிக்கும் முறையும் வந்தன. வைத்தியராகப் படித்த வாட்சன் கொசு நூலையும் ஓரளவு எஞ்சினீயர் வேலையையும் கூடக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அரசாங்க உத்தியோகத்தை விட்ட பிறகு தோட்டங்களுக்கே சுகாதார ஆலோசகராக இருந்தவர் அவர். பேராக்கின் தோட்டங்களில் மலைச்சரிவில் இருந்தவையும் கொஞ்சமல்ல என்பதால், இந்த வித்தியாசம் நம் பக்கத்து லயங்களில் உயிர் சம்பந்தப்பட்டதாக இருந்தது.

ஈப்போவில் வாழ்ந்த டாக்டர் வூ லியன் தே பற்றி மூத்த அன்பர்கள் அறிவார்கள். 1879இல் பினாங்கில் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்து, கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்து, பின்னர் லிவர்பூல், பாரிஸ், ஜெர்மனி என்று போய்க் கிருமி நூலில் தேர்ந்தவர். 1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் கொள்ளை நோய் கிளம்பியபோது சீன அரசாங்கம் அவரை அனுப்பிற்று. இறந்த ஓர் உடலை அறுத்துப் பார்த்தார். இது எலியும் தெள்ளுப்பூச்சியும் பரப்பும் பிளேக் அல்ல, மூச்சுக் காற்றில் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவும் பிளேக் என்று கண்டார். மல்துணியில் பஞ்சு வைத்து முகமூடி தைத்து அணியச் செய்தார். அங்கே வந்த மெஸ்னி என்ற பிரெஞ்சு வைத்தியர் வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். ஆனால் அவர் பழகியது எலிப் பிளேக்கோடு. இளைஞரான வூ சொன்னதை ஒப்பாமல் முகமூடி இன்றி நோயாளிகளைத் தொட்டுப் பார்த்தார். சில நாட்களில் அதே நோயில் மாண்டார். அந்தக் கொள்ளை நோயில் ஏறத்தாழ 60,000 பேர் மடிந்தனர். மெஸ்னியின் பட்டத்தில் குறை ஒன்றும் இல்லை. முன்னே நின்ற வியாதி மட்டும் அவர் கற்ற வியாதி அல்ல. உலகப் புகழ் பெற்ற வூ 1937இல் மலாயா திரும்பி ஈப்போவில் சாதாரண டாக்டராக வைத்தியம் பார்த்து வந்தார். 1960 ஜனவரியில் காலமானார்.

பட்டம் பெரிதாக இல்லாதவரையும் ஒதுக்கிவிடக் கூடாது. சிபில் கார்த்திகேசு அம்மையார் பயிற்சி பெற்ற தாதி, மருத்துவச்சி. கணவர் டாக்டர் கார்த்திகேசுவுடன் ஈப்போ பிரூஸ்டர் ரோட்டில் கிளினிக் நடத்தினார். ஜப்பானியர் வந்தபோது பாப்பானுக்குக் குடிபெயர்ந்து, அங்கிருந்தும் ஏழைகளுக்குப் பிரசவம் பார்த்தார். காட்டில் ஒளிந்திருந்த போராளிகளுக்கும் இரகசியமாகச் சிகிச்சை செய்தார். கான்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசியதால் சீனப் பெண்கள் அவரை நம்பி வந்தார்கள். 1943இல் பிடிபட்டு, சொல்லொணாச் சித்திரவதைக்கு ஆளானார். ஜார்ஜ் பதக்கம் பெற்று 1948இல் மறைந்தார். எந்தக் குழுவிலும் ஆலோசகர் என்ற பட்டம் அவருக்கு இருந்ததில்லை. தம் தொழிலைத் தெரிந்தவர். யாருக்குச் செய்கிறாரோ அவர்களின் பேச்சையும் தெரிந்தவர்.

தோட்டத்து டிரெசரும் இந்த வரிசையைச் சேர்ந்தவரே. டாக்டர் எப்போதோ வருவார். தினமும் லயத்தில் காய்ச்சலையும் காயத்தையும் பிரசவத்தையும் பார்த்தவர் டிரெசர். 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்து, பயிற்சியும் பதிவும் இல்லாதவர் அந்த வேலையைச் செய்ய முடியாது என்றாயிற்று. ஆனால் 1950களிலேயே தொடங்கிய தோட்டத் துண்டாடலும், பின்னர் பால்மரம் போய்ச் செம்பனை வந்ததும், அப்புறம் வீடமைப்பு வந்ததும் லயங்களைக் கலைத்துவிட்டன. சுங்கை சிப்புட்டிலிருந்தும் பத்து காஜாவிலிருந்தும் வெளியேறிய குடும்பங்கள் மலிவு விலை வீடுகளுக்குப் போனபோது டிரெசர் கூடப் போகவில்லை. அந்த இடம் காலியாக நின்றது.

அந்தக் காலி இடத்துக்கு இன்று யார் யாரோ வருகிறார்கள். அவர்களுள் கடைக்காரர்களாகிய நாமும் உண்டு! "நானா, சீனி வியாதிக்கு இந்தச் சாறு கேட்குமா?" என்று தோட்டத்துக் கிழவி கேட்பது நம் கல்லாவில் நின்றுதான். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டு வயது வந்தோரில் 15.6 சதவிகிதம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டனர். அந்தக் கேள்வி அரிதாக வருவதல்ல. "சுகாதார ஆலோசகர்" என்று அட்டை அடித்துக்கொண்டு, நேரடி விற்பனைப் புட்டிகளோடு முகாமில் வந்து உட்காருபவரும் இருக்கிறார். அவர் பேச்சைக் கேட்டு, கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை ஒருவர் நிறுத்திவிட்டால் கண்ணும் காலும் சிறுநீரகமும் போன பிறகே உண்மை தெரியும். முகாமுக்குப் பந்தல் போட்டவர் நாம். சங்கத்தின் பெயரை நம்பித்தான் அந்தக் கிழவி வந்தாள்.

கேட்பதற்கு இன்று வழி இருக்கிறது. டாக்டர் என்றால் மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவும் அந்த ஆண்டுக்குரிய தொழில் சான்றிதழும் இருக்க வேண்டும். மனநல ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ள 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். நோயாளிக்குச் சாப்பாட்டுத் திட்டம் வகுப்பவர், சுற்றுப்புறச் சுகாதார அதிகாரி, கொசு நூல் வல்லுநர், ஆஸ்பத்திரியின் சமூக நல அதிகாரி ஆகியோரை 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருக்கிறது. சித்த, யூனானி வைத்தியருக்கும் அதே ஆண்டில் தனிச் சட்டம் வந்து பதிவு முறை ஏற்பட்டது. ஆகவே நாட்டு வைத்தியர் என்றாலே தள்ளிவிட வேண்டியதில்லை, அவரிடமும் பதிவைக் கேட்கலாம்.

பதிவு பெற்றவராயினும் அவர் கற்றது எது என்று பார்க்க வேண்டும். டெங்கிக் காய்ச்சல் குடியிருப்பில் பரவினால் எலும்பு வைத்தியரை மேடையேற்றி என்ன பயன்? கொசுவும் வாய்க்காலும் தெரிந்தவரை அழைக்க வேண்டும். கணவனை இழந்தவருக்கு உதவித்தொகை வேண்டுமானால் சமூக நல இலாகாவின் வழி தெரிந்தவரே உதவுவார். உணவுக் கடைக்காரர்களுக்கோ சுற்றுப்புறச் சுகாதார அதிகாரி புதியவரல்லர். 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகள் வந்ததிலிருந்து சமையற்காரரும் பரிமாறுபவரும் பயிற்சி பெற்று, தைபாய்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும் என்பதை அவர் மூலமாகவே அறிந்தோம். அபராதச் சீட்டோடு வரும்போது மட்டும் அவரைப் பார்க்காமல், சங்கத்தில் ஒரு மாலை பேச அழைத்தால் அவர் மறுக்கமாட்டார் என்பது நம் எண்ணம்.

புட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருந்தாகவோ சத்துப் பொருளாகவோ விற்பனைக்கு வருவதில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணில் இலக்கங்களை அடுத்து வரும் எழுத்து டி என்றால் பாரம்பரிய மருந்து, என் என்றால் சத்துப் பொருள். எண் இருப்பதனாலேயே அது நீரிழிவைத் தீர்க்கும் என்று பொருளாகாது. நீரிழிவு போன்ற வியாதிகளைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டிலேயே வந்த மருந்து விளம்பரச் சட்டம் தடுத்திருக்கிறது. கடைச் சுவரில் அப்படிப்பட்ட விளம்பரத் தாள் ஒட்டியிருந்தால் இன்றே கிழித்துவிடுங்கள். கிழவி மறுபடி வந்து கேட்டால், அவள் வீட்டுக்குப் பக்கத்து அரசாங்கக் கிளினிக் எந்தக் கிழமை நீரிழிவுக்காரரைப் பார்க்கிறது என்று விசாரித்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் பையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். சாறு குடித்திருந்தால் அதன் புட்டியையும் சேர்த்து.