நிரம்பியே திரும்பும் பாட்டில்

பண்ணைப்புரம்,
ஆனி மாதம்.

அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதுவது.

போன சனிக்கிழமை கோம்பை பஸ்ஸில் வந்து இறங்கியதும் பையைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போனாய். பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். காலையில் நிரப்பியது, அப்படியே இருந்தது. பெரியம்மா கேட்டதற்கு, "ஆபீஸ்ல பாத்ரூம் சரியில்ல பெரியம்மா, அதான் தண்ணியே குடிக்கிறதில்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் வி.ஏ.ஓ. வேலையின் பாடு எனக்குத் தெரியும். 31 வருஷம் வருவாய்த் துறையில் குப்பை கொட்டியவன் நான். பட்டா மாறுதலுக்கு வந்தவர் வாசலில் நிற்பார், தாசில்தார் லைனில் இருப்பார், ஆர்.ஐ. ஒரு பக்கம் அறிக்கை கேட்பார். ஆனால் எங்கள் காலத்தில் ஆபீஸைப் பூட்டினால் வேலையும் உள்ளேயே கிடக்கும். உனக்கு வாட்ஸ்அப் குரூப் தலையணைக்கடியில் அல்லவா படுத்திருக்கிறது!

என் கதை உனக்குப் பாதிதான் தெரியும். ஒரு ஜமாபந்தி சமயம், பத்து நாளாகப் பின்மண்டையில் வலி. கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே கணக்கு எழுதினேன். கடைசி நாளன்று இடது கையிலிருந்து டீ கிளாஸ் நழுவி விழுந்தது. விழுந்ததே எனக்குத் தெரியவில்லை. தலையாரிதான், "ஐயா, வாய் கோணுதுங்க" என்று பதறினார். ஆஸ்பத்திரியில் பக்கவாதம், ரத்த அழுத்தம் 210/120 என்றார்கள். இன்றைக்கும் என் சட்டைப் பொத்தானைப் பெரியம்மாதான் போட்டுவிடுகிறாள். ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து கொடுத்தேன். என் ரத்த அழுத்தத்தை 48 வயது வரை ஒருநாளும் அளந்து பார்க்கவில்லை.

பெரிய அதிகாரிக்குத்தான் டென்ஷன் என்று நாம் நினைக்கிறோம். லண்டனில் 1967-ல் தொடங்கி, சுமார் 18,000 அரசு ஊழியர்களை வருஷக்கணக்காகக் கவனித்தார்கள். ஒயிட்ஹால் ஆய்வு என்று பெயர். மேல்பதவியில் இருந்தவர்களைவிடக் கடைநிலை ஊழியர்கள் மாரடைப்பு போன்ற இதய நோயால் சாவது சுமார் மூன்று மடங்கு இருந்தது. சிகரெட், கொழுப்பு என்று கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் முழுசாகப் போகவில்லை. பெண்களையும் சேர்த்து 1985-ல் மறுபடி ஆராய்ந்தார்கள். தன் வேலையில் தனக்குச் சொல் இல்லாதவனுக்கே இதயம் அதிகம் கெடுகிறது என்று மைக்கேல் மார்மட் குழுவினர் கண்டார்கள். படித்தபோது எங்கள் தலையாரி முகம்தான் நினைவுக்கு வந்தது.

மேலதிகாரி குரல் கேட்டதும் நெஞ்சு படபடக்கிறதே, அப்போது அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரந்து ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றுகின்றன. பாம்பைக் கண்டு ஓட அது உதவும். நாமோ நாற்காலியில் உட்கார்ந்தபடி "சரிங்க சார்" என்கிறோம். ஏறியது இறங்குவதற்குள் அடுத்த போன். வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமே 2021-ல் சொன்னது. உன் வாரத்தை ஒருமுறை கூட்டிப் பார்.

மேலிடத்தை மாற்றுவது உன் கையில் இல்லை. உன் கையில் இருப்பதையாவது விட்டுக்கொடுக்காதே. ஒரு மணிக்குச் சாப்பிடு. ராத்திரி ஒன்பதுக்கு மேல் அவசரமில்லாத மெசேஜை விடிந்து பார். வருஷத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உனக்கு உண்டு, யாரும் போடும் பிச்சையில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிற அம்மா என் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்க்கும்போது நீயும் கையை நீட்டு. முப்பது வயதுதானே என்று சொல்லாதே. 140/90-ஐத் தொட்டால் டாக்டரைப் பார், மருந்துக் கடைக்காரரிடம் போகாதே.

தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கி அடக்கி வைத்தால் தொற்று வரும், கல் வரும். உன்னைப் போல அங்கே இன்னும் எத்தனை பெண்கள்! நாலு பேர் சேர்ந்து, கழிப்பறையைச் சரிசெய்யச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். ஊருக்கெல்லாம் மனு வாங்குகிறவள் தனக்காக ஒரு மனு எழுதக் கூடாதா?

மலையில் மேகம் கட்டிக் காற்று ஆரம்பித்துவிட்டது. அடுத்த வாரம் வரும்போது சால்வை எடுத்து வா. பாட்டில் மட்டும் காலியாக வரட்டும்.

அன்புடன்,
பெரியப்பா