அணி இலக்கணத்துக்கு லேக் மார்க்கெட் டிப்ஸ்

அணி இலக்கணம் மண்டையில் ஏறலைன்னு போனில் புலம்பினியே, நோட்டை மூடி வை. கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் கறிகாய் வாங்குறவங்க அணியில் பேசிட்டுத்தான் இருக்காங்க. உனக்கும் அது வரும்.

இங்கே பொட்டோல்னு ஒரு காய். கோவைக்காயோட பெரியப்பா மகன் மாதிரி, ரெண்டு முனையும் கூர்ந்து, நடுவில் புடைச்சு இருக்கும். நீளவாக்கில் ரெண்டா வகுந்தா அச்சு அசல் கண் வடிவம். வங்காளத்தில் அழகான கண்ணை "பொட்டோல் பிளந்த கண்"ணுன்னுதான் புகழுவாங்க. சிரிக்காதே, நம்ம புலவர்கள் மாவடுவைப் பிளந்து "வடுவகிர்க் கண்"ணுன்னு பாடினாங்களே, அதுவும் காய்கறிதான்.

இப்போ முதல் கேள்வி: எதில் ஒப்பு? பச்சை நிறத்திலா, ருசியிலா? இல்லை, வடிவத்தில். உவமையைப் பார்த்ததும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுட்டா பாதி வேலை முடிஞ்சது. தொல்காப்பியர் உவமையியலில் இதுக்கு நாலே நாலு பதில்தான் வெச்சிருக்கார்: வினை, பயன், மெய், உரு. செயல், அதனால் கிடைக்கும் நன்மை, வடிவம், நிறம்னு வெச்சுக்கோ. பொட்டோல் கண் மெய்யுவமை. "எஸ்பிளனேடு டிராம் மாதிரி அசைஞ்சு அசைஞ்சு வர்றான்"னா வினை. "உன் துப்பட்டா மஞ்சள் டாக்சி மாதிரி இருக்கு"ன்னா உரு. பயன்தான் எல்லாரும் தடுமாறுற இடம். ஏப்ரல், மே மாசத்தில் இங்கே உடம்பெல்லாம் பிசுபிசுன்னு புழுங்கும். திடீர்னு ஒரு சாயங்காலம் கால்பைசாகின்னு புயல் மழை அடிச்சு ஊரே குளிர்ந்துடும். "மாசக் கடைசியில் அம்மா அனுப்பின பணம் கால்பைசாகி மழை மாதிரி வந்துச்சு"ன்னு சொன்னா, பணத்துக்கும் மழைக்கும் உருவத்திலோ நிறத்திலோ ஒரு உறவும் இல்லை. ஆறுதல் ஒண்ணுதான் பொது. அதுதான் பயன்.

உவமை எப்பவும் புகழ்ச்சின்னு நினைக்காதே. வங்காள எழுத்தில் 5 சுருண்டு, முகத்தைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கும். யாராவது உம்முன்னு உட்கார்ந்திருந்தா "மூஞ்சி ஏன் வங்காள அஞ்சு மாதிரி இருக்கு?"ன்னுதான் கேட்பாங்க. பெங்காலி காலண்டரில் அந்த எழுத்தைப் பார்த்தேன்னா உனக்கே உன் ஞாபகம் வரும்.

ரெண்டாவது கேள்வி: சொல்றது யாரு? காதலன் நிலாவை முகம்னு சொல்வான், குழந்தை பந்துன்னு சொல்லும். கொல்கத்தாவில் 1926-ல் பிறந்த கவிஞர் சுகாந்த பட்டாச்சார்யா, பசிச்சவன் பார்வைக்குப் பௌர்ணமி நிலா கருகிச் சுட்ட ரொட்டியாத் தெரியுதுன்னு எழுதினார். 1943 பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர். 21 வயசு முடியறதுக்குள்ளே, 1947-ல் காசநோயில் போயிட்டார். வட்டம், மேலே கறுப்புத் திட்டுன்னு மெய்யும் உருவும் கச்சிதமாப் பொருந்துது. ஆனா பரீட்சையில் அதோட நிறுத்திடாதே, பசியையும் எழுது. என்னைக் கேட்டா அந்த உவமையோட உயிரே அதுதான்.

உவமைத்தொகை, உருவகக் குழப்பத்துக்கு ஒரு குறுக்கு வழி. கடைசிச் சொல்லைப் பார். மலர்முகம்னா கையில் மிஞ்சுறது முகம், உவமைத்தொகை. முகமலர்னா மிஞ்சுறது மலர், முகமே மலராயிடுச்சு, அதனால் உருவகம். வினைச்சொல்லைச் சேர்த்தா இன்னும் தெளிவு: மலர்முகம் சிரிச்சது, முகமலர் வாடிச்சு.

ஆகுபெயரை உவமையோட போட்டுக் குழப்பிக்கிறவளுக்கு இந்த ஊர் பேப்பரே போதும். "லால்பஜார் தேடுது"ன்னா போலீஸ் தேடுதுன்னு அர்த்தம், போலீஸ் தலைமையகம் அங்கே இருக்கு. "ஆலிப்பூர் மழை வரும்னு சொல்லுது"ன்னா வானிலை ஆபீஸ். அரசாங்கத்தை ரொம்ப காலம் "ரைட்டர்ஸ்"னு சொன்னாங்க. 2013-ல் தலைமைச் செயலகம் ஹௌராவில் இருக்கிற நபான்னாவுக்கு மாறினதும் பேரும் "நபான்னா" ஆயிடுச்சு. நாம "கோட்டை முடிவெடுத்தது"ன்னு சொல்றதில்லையா, அதே இடவாகுபெயர்தான். சந்தேகம் வந்தா நடுவில் "போல" போட்டுப் பார். "லால்பஜார் போலப் போலீஸ்"னு சொன்னா உளறலா இருக்கில்ல? அப்போ அது உவமை இல்லை.

பரீட்சையில் உவமை, உவமேயம், உவம உருபு மூணுக்கும் அடியில் தனித்தனியா கோடு போட்டுட்டுத்தான் விடை எழுத ஆரம்பிக்கணும். உருபைக் காணோம்னா உஷாராயிடு. "மாவு சரியாப் பிசையலைன்னா லூச்சிப் பூரி உப்பாது, அடிப்படை சரியில்லைன்னா கணக்கு வராது." இந்த ரெண்டு வாக்கியத்துக்கு நடுவில் "அதுபோல" இருந்தா உவமை அணி. அதை எடுத்துட்டா எடுத்துக்காட்டு உவமை அணி. அவசரத்தில் அந்த ஒரு சொல்லைப் பார்க்காம விட்டுத்தான் முழு மார்க்கும் போகுது.