ஒட்டாவாப் பள்ளத்தாக்கில் வெட்டுமரத் தொழிலும் குளிர்காலமும்

மாணவர்களே, ஊசியிலைக் காடுகளும் கலப்புக் காடுகளும் உள்ள குளிர்ப் பிரதேசங்களில் இலையுதிர் காலத்தில் மரம் தறிக்கும் வேலை மும்முரமாக நடைபெறும் எனக் கற்றிருப்பீர்கள். இதற்குக் காரணம் யாது? குளிர்காலத்தில் வேலை நின்றுவிடும், ஆகவே அதற்கு முன்னர் அவசரமாக முடிக்கின்றனர் என எழுதவே பலருக்கும் தோன்றும். இவ்விடை பிழையானது. காரணத்தை விளங்கிக்கொள்ளக் கனடாவின் ஒட்டாவாப் பள்ளத்தாக்கை உதாரணமாகக் கொள்வோம்.

ஒன்ராறியோ, கியூபெக் ஆகிய இரு மாகாணங்களுக்கும் எல்லையாக நெடுந்தூரம் ஓடும் ஒட்டாவா ஆறு, மொன்றியல் அருகே சென் லோறன்ஸ் ஆற்றுடன் கலக்கின்றது. 1806 இல் பிலமன் றைற் என்பவர் இவ்வாற்றின் வழியே முதலாவது மரத் தெப்பத்தைக் கியூபெக் நகருக்குக் கொண்டு சென்றார். அவ்வாண்டின் இறுதியில் நெப்போலியன் விதித்த கண்ட முற்றுகையால் பால்ட்டிக் பிரதேச மரம் பிரித்தானியாவுக்குக் கிடைப்பது கடினமாயிற்று. எனவே கனடாவின் வெண்பைன் மரத்துக்குக் கேள்வி பெருகியது.

இத்தொழிலில் மரத்தை வெட்டுவதிலும் பார்க்க அதனைக் காட்டிலிருந்து ஆற்றுக்குக் கொண்டு வருவதே பெரும் பிரச்சினையாகும். அக்காலத்தில் காட்டினுள் வீதிகள் இல்லை. சதுப்பு நிலங்கள் பல. கோடையில் குதிரையும் வண்டியும் சேற்றில் புதைந்துவிடும். ஆனால் நிலம் உறைந்ததும் அதே சதுப்பு நிலம் கல்லைப்போல் இறுகிவிடும். ஆகவே தொழிலாளர் குளிர்காலத்துக்கு அஞ்சவில்லை, அதனை எதிர்பார்த்தே இருந்தனர்.

இதனாலேயே இலையுதிர் காலத்தில் அவசரம் ஏற்பட்டது. தொழிலாளர் செப்ரெம்பர், ஒக்ரோபர் மாதங்களில் காட்டுக்குச் சென்று, மரக்குற்றிகளால் கொட்டில் அமைத்து, நடுவில் தீ மூட்டித் தங்கினர். அவரை, உப்பிட்ட பன்றியிறைச்சி, பாண், தேநீர் என்பனவே பிரதான உணவாகும். ஆழமான பனி விழ முன்னர் மரங்களைத் தறித்துக் குற்றிகளைப் பாதையோரம் அடுக்கவேண்டும். இடுப்பளவு பனியில் நின்று கோடரி வீசுவது எளிதன்று. வண்டிப்பாதையையும் அப்போதே வெட்டித் துப்புரவு செய்யவேண்டும். பனி வந்தபின் அடிக்கட்டைகளும் கற்களும் மறைந்துவிடும் அல்லவா?

ஜனவரி முதல் மார்ச் வரை ஏற்றியிறக்கும் காலம். (ஒட்டாவா நகரில் ஜனவரிச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ -10 பாகை செல்சியசு.) இரவில் நீர்த்தாங்கி பூட்டிய சறுக்கு வண்டியைப் பாதை வழியே இழுத்துச் சென்று நீர் ஊற்றுவர். விடிவதற்குள் அது பனிக்கட்டியாகிவிடும். அவ்வழுக்குப் பாதையில் இரண்டு குதிரைகள் பல தொன் எடையுள்ள குற்றிகளை இழுத்தன. இறக்கமான இடங்களில் மணலோ வைக்கோலோ தூவாவிடின் பாரம் முன்னோக்கிப் பாய்ந்து குதிரைகளையும் ஓட்டுநரையும் நசுக்கிவிடும்.

இளவேனிலில் பனி உருகச் சிற்றாறுகள் சில வாரங்களுக்கு மாத்திரம் பெருகும். அந்நீரிலேயே குற்றிகளை மிதக்கவிட்டனர். உருகுவதற்கு முன் கரைக்கு வராத மரம் காட்டிலேயே மறு ஆண்டுவரை கிடக்கும். அதில் போட்ட பணமும் அதனுடன் முடங்கும். சதுர மரத் தெப்பம் இவ்வாற்றில் கடைசியாகச் சென்றது 1908 இலாகும்.

இன்று குதிரைக்குப் பதிலாக இயந்திரமும் லொறியும் வந்துள்ளன. எனினும் கனடாவின் வடபகுதியிலும் பின்லாந்திலும் ஈரநிலக் காடுகளில் கனரக இயந்திரங்களை இறக்க நிலம் உறையும்வரை காத்திருக்கவேண்டும். அத்துடன் இளவேனிலில் வீதிகள் இளகுவதால் லொறிகளின் பாரத்துக்குக் கட்டுப்பாடு விதிக்கப்படுகின்றது. புவி வெப்பமடைதலால் உறைநிலைக் காலம் குறுகிவருவது இத்தொழிலுக்குப் பெரும் சவாலாகும். வெப்பநிலை உயர்ந்தால் குளிர்நாட்டவருக்கு இலாபமே என எழுதுபவர்கள் இதனைச் சிந்திக்கவேண்டும்.

பயிற்சி வினா: "குளிர்ப் பிரதேச வெட்டுமரத் தொழிலில் உறைபனி ஒரு போக்குவரத்துச் சாதனமாகும்." இக்கூற்றை ஒட்டாவாப் பள்ளத்தாக்கை உதாரணமாகக் கொண்டு விளக்குக. (நிலம், பாதை, ஆறு ஆகிய மூன்றையும் தொடர்புபடுத்தி எழுதுக. மரவகைகளை மாத்திரம் பட்டியலிடும் விடை இவ்வினாவுக்குப் பொருந்தாது.)