கிளிப்பா, காயிலா?

மூளைத் தமனி ஒன்றில் பலவீனமுற்றுப் புடைத்திருந்த இடம் வெடித்து, மூளையைச் சூழ்ந்த சவ்வுகளுக்கிடையே இரத்தம் பரவிவிட்டதென்று வைத்தியர் அறிவிக்கும்போது, குடும்பத்தாருக்கு யோசிக்க வாய்க்கும் அவகாசம் மிகச் சொற்பமே. ஏனெனில், தற்காலிகமாக அடைபட்ட அந்தத் துவாரம் மறுபடியும் திறந்துகொள்ளும் அபாயம் முதல் 24 மணி நேரத்தில்தான் உச்சத்தில் இருக்கிறது. அவ்விதம் திறந்துவிட்டால் பிழைப்பவர் சிலரே.

அதை அடைக்கும் மார்க்கங்கள் இரண்டு. 1937-இல் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்டர் டாண்டி தொடங்கிவைத்த ரண சிகிச்சையில், கபாலத்தைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் வெளியிலிருந்து உலோகக் கிளிப் ஒன்றை இடுகிறார்கள். இத்தாலியரான குயிதோ குலியெல்மி லாஸ் ஏஞ்சலிஸில் வகுத்து, 1990-இல் நோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கிய முறையிலோ, தொடைத் தமனி வழியாகச் செலுத்திய மெல்லிய குழாயினால் பிளாட்டினக் காயில்களைப் புடைப்புக்குள் நிரப்பி, அங்கே இரத்தம் உறையும்படி செய்கிறார்கள்.

இவற்றை நேருக்கு நேர் ஒப்பிட்டது, ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஆண்ட்ரூ மாலினியூவும் ரிச்சர்ட் கெர்ரும் முன்னின்று நடத்திய ஐசாட் ஆய்வு. 2005-இல் வெளியான அதன் கணக்குப்படி, ஓராண்டு முடிவில் இறந்தோரும் பிறர் துணையின்றி வாழ இயலாதோரும் காயில் பிரிவில் 23.5 சதவீதம், கிளிப் பிரிவில் 30.9 சதவீதம். நூற்றுக்கு ஏழு பேர் என்ற இந்த வித்தியாசம் அற்பமன்று. வலிப்பு நோயும் காயில் வைத்தவர்களிடம் குறைவாகவே காணப்பட்டது. ஆயினும், இவ்வெண்களை மட்டும் கைக்கொண்டு எல்லோருக்கும் ஒரே தீர்ப்புச் சொல்வதை நான் ஒப்பமாட்டேன். ஆராயப்பட்ட 9,559 பேரில் ஆய்வுக்குள் வந்தவர் 2,143 பேரே. எந்த முறையும் பொருந்தும் என்று நிபுணர்கள் கருதியவர்கள் அவர்கள். மூளையின் பின்புறத் தமனிகளில் புடைப்புடையோர் அவர்களுள் மிகச் சிலரே. பிற்பாடு அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் நடந்த ஆய்வில், முதலாண்டில் காயிலுக்கு இருந்த அனுகூலம் ஆறாம் ஆண்டில், பின்புறத் தமனிகள் நீங்கலாக, நிலைக்கவில்லை.

ஆகவே, புடைப்பு எங்கே இருக்கிறது, அதன் கழுத்து எவ்வளவு அகலம், உடன் இரத்தக்கட்டி உண்டா என்பனவற்றையே முதலில் கேளுங்கள். மூளைத்தண்டையொட்டிய தமனி என்றால் காயிலே உத்தமம். நோயாளி முதியவராகவோ மிகவும் நலிந்தவராகவோ இருந்தாலும் பெரும்பாலும் அதுவே. மத்திய மூளைத் தமனி வெடித்துப் பெரிய இரத்தக்கட்டி மூளையை அழுத்துமானால், அதை அகற்றக் கபாலத்தை எப்படியும் திறக்கவேண்டியிருப்பதால், கிளிப்பே பொருத்தம். அகன்ற கழுத்தில் காயில் நிலைப்பதரிது; அதைத் தாங்க ஸ்டென்ட் வைத்தாலோ, இரத்தம் உறையாதிருக்க மருந்து கொடுக்க நேர்கிறது, அது அப்போதுதான் இரத்தம் கசிந்த மூளைக்கு ஆபத்து. இளவயதினர் இன்னொன்றையும் சீர்தூக்க வேண்டும்: ஐசாட்டில் மறுசிகிச்சை தேவைப்பட்டவர் காயிலில் 17.4 சதவீதம், கிளிப்பில் 3.8 சதவீதம்.

இரு முறையிலும் தேர்ந்தவர்கள் ஒரே கூரையின்கீழ் கலந்து பேசும் மருத்துவமனை அருகில் இருந்தால், ஒரு முறை மட்டுமே அறிந்த இடத்தில் தங்காமல், தாமதமின்றி அங்கே கொண்டுசெல்லுங்கள். எம்முறையில் அடைத்தாலும், ஏறத்தாழ நான்காம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை மூளைத் தமனிகள் சுருங்கும் அபாயம் நீங்குவதில்லை. அதனாலேயே நிமோடிபின் மருந்தை 21 நாட்கள் கொடுக்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்நாட்களில் இரவும் பகலும் கவனிக்க யார் இருப்பார்கள் என்பதையும் கையெழுத்திடுமுன் கேட்டுவிடுங்கள்.