வீட்டு வன்முறையும் நகரத்தின் கடமையும்

"வீட்டுக்குள் நடப்பது வீட்டோடு போகட்டும்" என்பது எமது ஊர்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் பேச்சு. வேலிக்கு அப்பால் ஒரு பெண் அழும் சத்தம் கேட்டால் வானொலியைக் கூட்டி வைப்போர் உண்டு. "புருஷன் பெண்சாதி சண்டை, விடிந்தால் தீர்ந்துவிடும்" என்று திரும்பிப் படுப்போரும் உண்டு. இவ்வாறு மூடி மறைக்கப்பட்ட துன்பம் எவ்வளவு பெரியது என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

2019ஆம் ஆண்டு தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் பெண்களின் நல்வாழ்வு பற்றி நாடு முழுவதிலும் ஆய்வொன்றை நடத்தியது. மணமுடித்த அல்லது துணைவனோடு வாழ்ந்த பெண்களில் நூற்றுக்கு 20.4 பேர் தம் வாழ்நாளில் ஒரு தடவையேனும் அவனுடைய உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளானவர்கள் என்று அதில் தெரியவந்தது. இது முழு நாட்டுக்குமான கணக்கு. ஐவரில் ஒருவருக்கு நேரும் ஒன்றை ஒரு வீட்டின் தலைவிதி என்று சொல்லிவிட முடியாது. குடிநீரும் வீதிவிளக்கும் போல அதுவும் ஊரின் பொது விஷயமே.

பொது விஷயம் என்றால் பொதுப்பணம் வேண்டும். உலகின் பல நகரங்கள் வீட்டு வன்முறைக்கு முகங்கொடுக்கும் தமது ஒழுங்குகளைச் சீர்படுத்த அரசிடமும் உதவி நிறுவனங்களிடமும் நிதி கேட்கின்றன. யாழ்ப்பாண நகரமும் குடாநாடும் அப்படிக் கேட்பதானால் எதற்கென்று கேட்க வேண்டும்? இதுவே இன்றைய பாடத்தின் கேள்வி.

சட்டம் தருவது என்ன?

எமது நாட்டில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உண்டு. பலர் இதன் பெயரைக் கேட்டிருப்பர். உள்ளே இருப்பதை அறிந்தவர் சிலரே.

அடிபட்டவரோ, அடிபடுவோம் என்று அஞ்சுபவரோ நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். பிள்ளைக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ கேட்கலாம். இது மனைவிக்கு மட்டும் உரிய சட்டமன்று. மகனால் துன்புறும் தாய் தகப்பனுக்கும், சகோதரனால் துன்புறும் சகோதரிக்கும் இடமுண்டு. உடலில் காயம் இருந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. தொடர்ந்து கொடூரமாக இழிவுபடுத்தி மனத்தை வதைப்பதும் இச்சட்டத்தின்படி வன்முறையே.

அவசரமானால் நீதவான் இடைக்காலக் கட்டளை பிறப்பிக்கலாம். விண்ணப்பித்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் விசாரணைக்குத் தவணை குறிக்க வேண்டும். விசாரணையின் பின் 12 மாதம் வரைக்கும் கட்டளை கொடுக்கலாம், தேவையானால் நீடிக்கலாம். அவன் வீட்டுக்கோ அவள் வேலை செய்யும் இடத்துக்கோ வரக்கூடாது என்று தடுக்கலாம். உளவள ஆலோசனைக்குப் போகும்படியும், அவசரச் செலவுக்குப் பணம் கொடுக்கும்படியும் பணிக்கலாம். கட்டளையை மீறினால் 10,000 ரூபா வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதுகாப்புக் கட்டளை கேட்பது விவாகரத்துக் கேட்பது அன்று. கணவனைச் சிறைக்கு அனுப்பும்படி கேட்பதும் அன்று. "இனி அடிக்காதே" என்று நீதிமன்றத்தின் வாயால் சொல்விப்பதே அது. அந்தச் சொல்லை மீறினால்தான் தண்டனை. இதை அறியாமையால் எத்தனையோ பெண்கள் "பிள்ளைகளின் தகப்பனை மறியலுக்கு அனுப்புவதா?" என்று அஞ்சி வாய் திறவாமல் இருக்கிறார்கள்.

சீதன வீடும் கைக்காசும்

யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு விசேடம் உண்டு. இங்கே குடியிருக்கும் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாக வந்த வீடு. ஆகவே அடிபட்டவள் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓட, அடித்தவன் அவளுடைய சீதன வீட்டிலே காலை நீட்டிப் படுத்திருக்கும் காட்சி எமக்குப் புதிதன்று. பாதுகாப்புக் கட்டளையால் இதை மாற்றலாம். அவன் வெளியே நிற்க, அவளும் பிள்ளைகளும் தம் வீட்டிலேயே இருக்கலாம். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் கெடாது.

ஆனால் அந்த வீட்டை வைத்து அவள் காசு புரட்ட முடியாது. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். கணவன் கைவிட்டுப் போனாலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம் என்பது உண்மையே. ஆனால் அதற்கும் சட்டத்தரணி வேண்டும், செலவு வேண்டும். பெயரில் சொத்து இருந்தும் கையில் பஸ் காசு இல்லாத நிலை இப்படித்தான் உண்டாகிறது. நகைகளோ பல வீடுகளில் முன்னரே அடகுக்குப் போயிருக்கும்.

இடையில் இருக்கும் தூரம்

சட்டம் இருக்கிறது; அடிபடும் பெண்ணும் இருக்கிறாள். இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தை அளந்து பார்ப்போம்.

இரவு பதினொரு மணிக்கு அடி விழுகிறது. பஸ் இல்லை. ஓட்டோவுக்குக் காசு இல்லை. நெடுந்தீவுப் பெண்ணானால் அயலில் பொலிஸ் நிலையம் இருந்தாலும், நீதிமன்றத்துக்குப் போகக் குறிகட்டுவானுக்குப் படகு ஏற வேண்டும். அதற்கு விடியவும் வேண்டும், கடலும் அமைதியாக இருக்க வேண்டும்.

பொலிஸ் நிலையத்தில் பெண்கள், சிறுவர் பிரிவு உண்டு. வடக்கில் தமிழே நிர்வாக மொழி. தமிழில் முறைப்பாடு செய்வது அவளுக்குரிய உரிமை. ஆயினும் தமிழ் பேசும் பெண் உத்தியோகத்தர் போதாமை இங்கு நெடுநாட் குறை. உடலின் அவமானத்தை அந்நிய மொழியில், ஓர் ஆணிடம், மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துச் சொல்லச் சொன்னால் எந்தப் பெண் சொல்வாள்? சொன்னாலும் "சமாதானமாகப் போங்கள்" என்று புத்தி கூறி அனுப்பிவிடுவதும் நடக்கிறது.

வைத்தியசாலையில் "விழுந்துவிட்டேன்" என்பாள். பக்கத்தில் கணவனே நிற்பான். அவனை வெளியே இருத்திவிட்டு, அவளைத் தனியாக அழைத்துக் கேட்க ஒரு தாதியும் ஓர் அறையும் வேண்டும். இதற்காகவே சுகாதார அமைச்சு பெரிய வைத்தியசாலைகள் பலவற்றில் "நட்பு நிலையம்" என்னும் பிரிவுகளை அமைத்திருக்கிறது.

யாழ்ப்பாணம், மல்லாகம், பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் நீதவான் நீதிமன்றங்கள் உள்ளன. அங்கே அவளோடு கூடப் போக ஓர் ஆள் வேண்டும். சட்ட உதவி ஆணைக்குழு வசதியற்றவர்களுக்காக வழக்குப் பேசும். ஆனால் அப்படி ஒன்று இருப்பதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்க வேண்டுமே.

இறுதியாக, கட்டளை கையில் கிடைத்த பின் அந்தக் கடதாசியோடு அவள் வீடு திரும்புகிறாள். அன்றிரவு அவன் படலையில் வந்து நின்றால் யார் வருவார்?

நகரம் கேட்கும் பணம் இந்த இடைவெளிகளை அடைக்கவே செலவாக வேண்டும்.

பிற இடங்கள் கற்பிப்பவை

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் டுலூத் என்றொரு துறைமுக நகரம் உண்டு. ஏறக்குறைய 90 ஆயிரம் மக்கள். எமது மாநகரத்தை ஒத்த அளவு. 1981ஆம் ஆண்டளவில் அந்தச் சிறு நகரம் செய்த காரியம் உலகமெங்கும் பேசப்பட்டது. பெரிய மாளிகை எதையும் அவர்கள் கட்டவில்லை. பொலிசார், வழக்குத் தொடுநர், நீதிமன்றம், பெண்கள் காப்பகம் ஆகிய எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஓர் அழைப்பு வந்தால் யார் என்ன செய்வது என்று எழுதி ஒப்புக்கொண்டனர். அடித்த ஆண்களைக் கிழமைதோறும் வகுப்புக்கு வரவைத்தனர்.

1994இல் அந்நாட்டு அரசு பெண்களுக்கெதிரான வன்முறைச் சட்டத்தை இயற்றி மாநிலங்களுக்கும் நகரங்களுக்கும் நிதி வழங்கத் தொடங்கியது. மாநிலங்களுக்குச் செல்லும் முக்கிய கொடையிலே பங்கீடும் விதிக்கப்பட்டிருக்கிறது. நூற்றுக்கு 30 பங்கேனும் பாதிக்கப்பட்டவருக்கான சேவைகளுக்கு, 25 பொலிசாருக்கு, 25 வழக்குத் தொடுநருக்கு, 5 நீதிமன்றங்களுக்கு. ஒரு கை முழுவதையும் அள்ளிவிடாதபடி இந்த ஏற்பாடு.

தமிழ்நாட்டில் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதலாவது அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. பெண்கள் பெண்களிடம் பேச வழி பிறந்தது. ஆனால் மற்ற நிலையங்கள் "அங்கே போ" என்று கைகழுவவும் அது இடம் வைத்தது என்ற குறையும் சொல்லப்பட்டது. இந்திய அரசு 2013இல் ஆயிரம் கோடி ரூபா ஒதுக்கி நிர்பயா நிதியத்தை ஏற்படுத்தியது. முதற் சில ஆண்டுகளில் அதில் பெரும்பகுதி செலவாகாமலே கிடந்தது. பணம் கிடைப்பது வேறு, அது அடிபட்டவளின் கைக்கு எட்டுவது வேறு என்பதற்கு இது சாட்சி. பின்னர், 2015 முதல், வைத்தியம், பொலிஸ், சட்ட உதவி, ஆலோசனை, சில நாள் தங்குமிடம் ஆகியவற்றை ஒரே கூரையின் கீழ் தரும் நிலையங்கள் அந்நிதியிலிருந்து நடத்தப்பட்டன.

எதைக் கேட்பது?

பொலிசும் நீதிமன்றமும் மாநகர சபையின் அதிகாரத்துள் வருவனவல்ல. ஆயினும் எல்லோரையும் ஒரு மேசைக்கு அழைக்கச் சபைக்கு உரிமை உண்டு. 2023 மார்ச் முதல் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் இன்றி இருந்த எமது சபைகளுக்கு 2025 மே 6இல் தேர்தல் நடந்தது. வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் இனி நாம் கணக்குக் கேட்கலாம். வெளிநாட்டு உதவியும் முன்போல் நிச்சயமில்லை. அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யூஎஸ்எயிட் 2025இல் மூடப்பட்டமை உலகெங்கும் தொண்டு நிறுவனங்களைத் தாக்கியது. ஆகவே சபைகளின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலே சிறு தொகையாயினும் இதற்கென்று ஒரு வரி இருக்க வேண்டும்.

கேட்க வேண்டியவை இவை:

1. இரவில் அழைத்தால் வரும் ஒரு வாகனமும், அதற்கான ஓட்டக்கூலியும்.
2. பிள்ளைகளோடு சில நாள் தங்க ஒரு பாதுகாப்பான வீடு.
3. பொலிஸ் நிலையத்திலிருந்து நீதிமன்றம் வரை அவளோடு கூடப் போகும் பயிற்சி பெற்ற பெண் ஊழியர்.
4. கட்டளை பெற்ற வீடுகளைப் பிரதேச செயலகப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் சென்று பார்த்துவரப் பயணச் செலவு.
5. அடிக்கும் ஆண்களுக்கான ஒழுங்கான ஆலோசனை வகுப்பு.

கடைசியானதைப் பற்றி ஒரு சொல். "குடி நின்றால் அடி நிற்கும்" என்பர். குடி அடியைக் கொடிதாக்கும் என்பது மெய்யே. ஆனால் வெறியில் அடிப்பவன் தன் முதலாளியையோ விதானையாரையோ அடிப்பதில்லை. வீட்டுக்கு வந்து, அடிக்கக்கூடியவளையே அடிக்கிறான். ஆகவே போத்தலோடு அவன் மனமும் மாற வேண்டும்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு

"கோயிலில் கட்டிய கலியாணம், செத்தாலும் அவனோடுதான்" என்று மகளைத் திருப்பி அனுப்பும் பெற்றோர் எம்மிடையே உண்டு. அவர்கள் திருச்சபையின் சட்டத்தை அறிந்துகொள்வது நல்லது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1153ஆம் பிரிவு, துணைக்கோ பிள்ளைகளுக்கோ உடலிலும் ஆன்மாவிலும் கடும் ஆபத்தை விளைவிப்பவரை விட்டுப் பிரிந்து வாழ மற்றவருக்கு நியாயம் உண்டு என்கிறது. ஆயரின் தீர்ப்பைப் பெற்றுப் பிரியலாம். தாமதம் ஆபத்தானால் தன் முடிவிலேயே பிரியலாம். இது திருமணக் கட்டை அறுப்பதன்று, உயிரைக் காப்பது. இவ்வாறு பிரிந்து வாழ்வதனால் மட்டும் ஒருவருக்கு நற்கருணை மறுக்கப்படுவதும் இல்லை. பாப்பரசர் பிரான்சிஸ் 2016இல் குடும்ப அன்பு பற்றி எழுதிய மடலிலும் வீட்டு வன்முறையைக் கண்டித்து, சில வேளைகளில் பிரிவு அறநெறிப்படி அவசியமாகலாம் என்று கூறியிருக்கிறார். மனைவி பணிய வேண்டும் என்பதற்கு எபேசியர் திருமுகத்தை எடுத்துக்காட்டும் கணவர்கள், அதே அதிகாரத்தில் கணவனுக்கு இடப்பட்ட கட்டளை எவ்வளவு கடினமானது என்பதையும் சேர்த்து வாசிக்கட்டும்.

எனவே, அடிபட்டு வந்த மகளிடம் "பொறுத்துப் போ பிள்ளை" என்று சொல்லுமுன், "இன்றிரவு இங்கே படு, நாளைக்கு நான் கூட வாறன்" என்று சொல்லுங்கள். 1938 என்பது பெண்களுக்கான அரச உதவித் தொலைபேசி இலக்கம், தமிழிலும் பேசலாம். பிள்ளைகளுக்கு 1929, பொலிசுக்கு 119. இவற்றை வீட்டில் நாட்காட்டியின் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கூடிச் சிந்திக்க

1. எமது வட்டாரத்தில் இரவில் ஒரு பெண் அடிபட்டால் அவள் முதலில் யாரிடம் போவாள்? அங்கே அவளுக்கு என்ன பதில் கிடைக்கும்?
2. எமது பங்கில் ஒரு நாள் இரவு தாயையும் பிள்ளைகளையும் தங்கவைக்கக்கூடிய வீடு எது?
3. எமது வட்டார உறுப்பினரிடம் மேலே கூறிய ஐந்தில் எதை முதலில் கேட்போம்? யார் போய்க் கேட்பது?
4. எமது ஆண்பிள்ளைகள் வீட்டில் எதைப் பார்த்து வளர்கிறார்கள்?