அப்லோடுக்கு முன் அளவு நாடா

அழகப்பா பாலிடெக்னிக்கில் படித்துவிட்டுக் காரைக்குடியிலேயே தொழில் தொடங்கியவன் நான். அப்போதெல்லாம் பிளான் அப்ரூவல் என்றால் ட்ரேசிங் தாளில் இங்க் பேனாவால் வரைய வேண்டும். அமோனியா பிரிண்ட் எடுத்து, புதுக் கட்டுமானத்துக்குச் சிவப்பும் இடிக்கப்போகிற பகுதிக்கு மஞ்சளும் பூசி, செட் செட்டாக மடித்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த வேலையை விரும்பித்தான் செய்தேன்.

ஆனால் காகிதம் ஒரு கெட்ட பழக்கத்தையும் தந்தது. படத்தில் விட்டுப்போனதை வாயால் நிரப்பிவிடலாம். "இந்தப் பக்கம் பொதுச்சுவர் சார், அதனால்தான் இடைவெளி காட்டலை" என்று மேசைக்கு எதிரே நின்று சொன்னால், பரிசீலிப்பவர் பென்சிலால் குறித்துக்கொள்வார். இப்போது இணையதளத்தில் ஏற்றுகிற விண்ணப்பத்துக்கு அந்த மேசை கிடையாது. நாம் ஏற்றிய கோப்பில் என்ன இருக்கிறதோ அதுதான் நம் பேச்சு. இது எனக்கு உறைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

2019-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தபோது, ஊருக்கு ஊர் மாறிக்கிடந்த விதிகள் ஒரே புத்தகத்துக்குள் வந்தன. கணினிவழிப் பரிசீலனைக்கு அதுவே அடித்தளம் என்று நினைக்கிறேன். விதி ஒன்றாக இல்லாத இடத்தில் கணினி எதை வைத்துச் சரிபார்க்கும்?

என் முதல் அடி அலகில் விழுந்தது. நம் ஊரில் மனை என்றால் அடி, சென்ட். மேஸ்திரியும் அடியில் கேட்பார், வீட்டுக்காரரும் அடியில் கேட்பார். நானும் பல வருடம் ஆட்டோகேடில் அடியில்தான் வரைந்தேன். கோப்பைக் கணினியே படித்துப் பரப்பு கணக்கிடும் முறையில் அது மீட்டரை எதிர்பார்க்கும். 40 அடி மனை 40 மீட்டராகிவிடும். அதைத் திருத்தி அனுப்பினால் அடுத்த குறை: மனை எல்லைக்கோடு ஒரு மூலையில் மூடாமல் நின்றது. பிரிண்டில் கண்ணுக்கே தெரியாத இடைவெளிதான். மூடாத கோட்டுக்குப் பரப்பு கிடையாது என்று கோப்பு திரும்பிவிட்டது. இப்போது வரைந்து முடித்ததும் மனை எல்லை, கட்டட எல்லை, ஒவ்வொரு தளம் என்று ஒவ்வொரு கோட்டையும் தொட்டுப் பரப்பைப் பார்க்கிறேன். அந்த எண்ணைக் கால்குலேட்டரில் தனியாகப் போட்ட கணக்கோடு ஒப்பிடுகிறேன். கால் மணி நேர வேலை, பல வாரங்களை மிச்சப்படுத்தும்.

இதைவிடப் பெரிய பாடத்தை ஒரு ஆச்சியின் வீட்டில் படித்தேன். 2023-ஆம் வருடம். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாகக் கிடக்கிற பழைய வீடு. பாகப்பிரிவினையில் இரண்டாங்கட்டுப் பக்கம் ஆச்சிக்கு வந்திருந்தது. இடிந்துபோன அந்தப் பகுதியில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு கடைசிக் காலத்தில் சொந்த ஊரில் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பத்திரத்தில் 40-க்கு 60 அடி, அதாவது 2,400 சதுர அடி. நான் பத்திரத்தை நம்பி வரைந்து ஏற்றினேன். டவுன் சர்வே பதிவில் 219 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 2,357 சதுர அடி. இரண்டும் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது.

அதன் பிறகுதான் நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். முன்னாலேயே செய்திருக்க வேண்டியது. அகலம் 39 அடி 4 அங்குலம். எட்டு அங்குலம் எங்கே போனது? பங்காளி வீட்டுக்கும் ஆச்சி பாகத்துக்கும் நடுவே நிற்கிற பொதுச்சுவரின் கனம் பதினாறு அங்குலம். பத்திரம் எழுதியவர்கள் சுவரின் நடு வரை அளந்திருக்கிறார்கள். சர்வே அளவோ சுவரின் உள்முகத்தோடு நின்றிருக்கிறது. யார் மேலும் தப்பில்லை. செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் பாகம் பிரிந்த எந்த மனைக்கும் இந்தச் சிக்கல் வரலாம்.

குறைந்த அளவையே எல்லையாக வைத்து மறுபடி வரைந்தேன். பொதுச்சுவரைத் தனியாகக் காட்டி, அதன் கனத்தையும் யார் யாருக்குப் பொது என்பதையும் படத்திலேயே எழுதினேன். முன்பு வாயால் சொன்னதையெல்லாம் இப்போது இப்படித்தான் எழுதிவைக்கிறேன்.

2024 ஜூலை 22-இல் சுயசான்று முறை வந்த பிறகு இந்தச் சம்பவம் எனக்கு இன்னும் கனமாகிவிட்டது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட உடனடி அனுமதி கிடைக்கிறது. நடுத்தரக் குடும்பங்களுக்குப் பெரிய உதவி, மனதார வரவேற்கிறேன். ஆனால் ஆச்சியின் மனை அந்த வழியில் போயிருந்தால் என் எட்டு அங்குலத்தைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப நடுவில் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். தகவல் தவறு என்று பின்னால் தெரிந்தால் அனுமதி ரத்தாகும். அதற்குள் சுவர் எழும்பியிருக்கும். அதனால் சுயசான்று என்றால் நான் இரண்டு முறை அளக்கிறேன்.

சில சின்ன விஷயங்களும் உண்டு. ஓ.டி.பி. யார் கைபேசிக்கு வரும் என்று முதலிலேயே கேளுங்கள். ஆச்சி தன் மகனின் எண்ணைக் கொடுத்திருந்தார். மகன் சிங்கப்பூரில். இந்திய சிம் ரீசார்ஜ் இல்லாமல் கிடந்ததில் பத்து நாள் போயிற்று. "இங்க சிங்கப்பூர்ல 2001-லேயே கோர்நெட்னு ஆன்லைன்ல பிளான் வாங்க ஆரம்பிச்சிட்டாங்கண்ணே" என்று அந்தப் பிள்ளை போனில் சொன்னபோது, அதற்கு முன் எங்களுக்குத் தேவை ஒரு சிம் ரீசார்ஜ் என்றேன்.

காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாகி கோட்டையூர், கண்டனூர், சங்கராபுரம் பக்கமெல்லாம் எல்லை விரிந்திருக்கிறது. பழைய ரசீதைப் பார்த்து உள்ளாட்சியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இன்றைய நிலவரத்தை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தாய்ப்பத்திரத்தைக் கைபேசியில் படமெடுத்து ஏற்றாதீர்கள். மங்கிய முத்திரைத்தாள் ஸ்கேனரில்தான் படிக்கும்படி வரும். பட்டாவிலும் பத்திரத்திலும் ஆதாரிலும் இனிஷியல் வரை பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கம் வீட்டுப்பெயரும் பத்திரத்தில் ஏறியிருக்கும், அதையும் பாருங்கள்.

அனுமதி வந்த அன்று பிரிண்ட் எடுத்து ஆச்சியிடம் கொடுத்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல நான் பாத்த மாதிரி ரப்பர் ஸ்டாம்பு எங்க தம்பி?"

இணையதளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டு, அதே படம் திரையில் வருவதைக் காட்டினேன். ஆச்சி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பொதுச்சுவர்ப் பக்கம் எழுதியிருந்த வரியை விரலால் தொட்டுப் படித்தார். "பங்காளிக்கும் ஒரு பிரதி குடுத்துடு" என்றார். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.