டைம்ஷேர்: புதிதாக வாங்குவதா, மறுவிற்பனையில் வாங்குவதா?

ஓய்வு விடுதி ஒன்றில் ஆண்டுதோறும் குறிப்பிட்ட காலம் தங்கும் உரிமையே டைம்ஷேர். வாரக் கணக்கிலோ புள்ளிக் கணக்கிலோ அது விற்கப்படுகிறது. அமெரிக்காவில் இந்த வணிகத்தின் முக்கியக் களம் ஃபுளோரிடா மாநிலம். அங்கே விடுதியைக் கட்டிய நிறுவனமும் விற்கிறது. முன்பு வாங்கியவர்களும் தங்கள் பங்கை விற்கிறார்கள்.

நம்பிக்கை: டைம்ஷேர் ஒரு சொத்து, விலை ஏறும்.
உண்மை: பத்திரப்பதிவு நடப்பதால் வீட்டுமனை போலத் தோன்றுகிறது. ஆனால் நிறுவனம் கேட்கும் விலையில் விளம்பரச் செலவும் விற்பனையாளர் கமிஷனும் கணிசமாக அடங்கியுள்ளன. திருப்பி விற்கும்போது அந்தப் பணம் கிடைக்காது. டிஸ்னி போன்ற சில நிறுவனங்களின் டைம்ஷேர் மதிப்பு ஓரளவு நிற்கும். கேட்பாரற்ற வாரங்களோ ஒரு டாலருக்கும் விற்பனைக்கு வருகின்றன.

நம்பிக்கை: மறுவிற்பனையில் மட்டமான அறைதான் கிடைக்கும்.
உண்மை: பத்திரத்தில் எழுதிய அறையும் வாரமும் கை மாறினாலும் மாறுவதில்லை. பராமரிப்புக் கட்டணமும் நிறுவனத்திடம் வாங்கியவருக்கும் மறுவிற்பனையில் வாங்கியவருக்கும் ஒன்றே.

நம்பிக்கை: எங்கே வாங்கினாலும் எல்லாச் சலுகையும் உண்டு.
உண்மை: மறுவிற்பனையில் வாங்குவோர் ஏமாறுவது இங்கேதான். டிஸ்னியின் டைம்ஷேர் திட்டமான டிஸ்னி வெகேஷன் கிளப் 2019 ஜனவரி 19 முதல் புதிய விதி வைத்தது. அதன்பின் மறுவிற்பனையில் வாங்கிய பழைய 14 விடுதிகளின் புள்ளிகளைக் கொண்டு ரிவியரா விடுதியில் தங்க முடியாது. ரிவியராவின் மறுவிற்பனைப் புள்ளிகள் அந்த ஒரு விடுதிக்கு மட்டுமே செல்லும். விண்டம் என்ற டைம்ஷேர் நிறுவனத்தில் மறுவிற்பனைப் புள்ளிகள் விஐபி தகுதிக்குக் கணக்கில் வராது.

நம்பிக்கை: மறுவிற்பனையில் விலை பேசி முடித்தால் கைக்கு வந்துவிடும்.
உண்மை: டிஸ்னி, மேரியட் போன்ற நிறுவனங்களுக்கு முன்னுரிமைக் கொள்முதல் உரிமை உண்டு. பேசிய விலைக்கே நிறுவனம் அந்தப் பங்கைத் தானே வாங்கிக்கொள்ளலாம்.

நம்பிக்கை: குறைந்த விலை என்றால் குறைந்த செலவு.
உண்மை: பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம், தங்காத ஆண்டிலும் கட்ட வேண்டும், காலப்போக்கில் கூடவும் செய்யும். பழைய உரிமையாளர் வைத்த பாக்கியும் வாங்குபவர் தலையில் விழக்கூடும். விடுதி உரிமையாளர் சங்கத்திடம் எழுத்துபூர்வமான நிலுவைச் சான்று பெற்ற பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

நம்பிக்கை: கையெழுத்துப் போட்டால் மீள வழியில்லை.
உண்மை: நிறுவனத்திடம் வாங்கியவர், கையெழுத்திட்ட நாள் அல்லது கடைசி ஆவணம் கிடைத்த நாள், இவற்றில் பிந்தியதிலிருந்து 10 நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்ய ஃபுளோரிடா சட்டம் உரிமை தருகிறது. அந்த உரிமையை வாங்குபவரே விட்டுக்கொடுத்தாலும் செல்லாது.

ஆண்டுதோறும் ஒரே விடுதிக்குச் செல்லும் குடும்பத்துக்கு மறுவிற்பனையே சிக்கனம். நிறுவனத்தின் தனிச் சலுகைகளை உண்மையிலேயே பயன்படுத்துவோர் மட்டுமே கூடுதல் விலையைப் பற்றி யோசிக்கலாம். எந்த வழியானாலும், விலையைக் கேட்கும் முன் பராமரிப்புக் கட்டணத்தைக் கேட்க வேண்டும்.